ரமேஷ் மாரியோ நித்தியேந்திரன்

ரமேஷ் மாரியோ நித்தியேந்திரன் (பிறப்பு: 1988, கொழும்பு) இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட ஆஸ்திரேலியச் சிற்பி ஆவார். சிட்னி நகரில் வாழ்ந்து வரும் இவர், களிமண்ணில் செய்து பல வண்ண மெருகூட்டிச் சுடப்பட்ட பெரிய உருவங்களுக்காக அறியப்படுகிறார். பல தலைகளும் பல கைகளும் பிதுங்கிய விழிகளும் வெளித்தெரியும் பற்களும் கொண்ட இவ்வுருவங்கள் கோயில் வாயிற்காவலர்களையும் ஊர்க்காவல் தெய்வங்களையும் நினைவூட்டுவன. 2015ஆம் ஆண்டில் இவருக்குச் சிட்னி மையர் நிதிய ஆஸ்திரேலியச் சுடுமண் கலை விருது வழங்கப்பட்டது. (இங்கு சிட்னி மையர் என்பது ஒரு வணிகரின் பெயர், நகரின் பெயரன்று.)

இக்கட்டுரையில் சுடுமண் கலை என்னும் சொல், மெருகிடாத சுட்ட களிமண், மெருகிட்ட மட்பாண்டம், பீங்கான் ஆகிய அனைத்தையும் சேர்த்தே குறிக்கிறது.

வாழ்க்கை

இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், நித்தியேந்திரன் குழந்தையாக இருந்தபோதே இவரது குடும்பம் ஆஸ்திரேலியாவில் குடியேறியது. இந்து, கிறித்தவம் ஆகிய இரு சமய மரபுகளும் இவரது குடும்பத்தில் கலந்திருந்தன. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் கலைக் கல்லூரியில் ஓவியமும் வரைதலும் முறையாகப் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். களிமண்ணை அதன் பின்னரே தம் முதன்மை ஊடகமாகக் கொண்டார். குயவராகப் பயிலாமல் ஓவியராகப் பயின்றவர் என்பது இவரது ஆக்கங்களைப் பார்த்தவுடன் விளங்கும். வண்ணங்கள் ஒன்றன் மீது ஒன்றாக வழிந்தோட விடப்பட்டிருக்கும். விரல் பதிந்த தடங்கள் மழுப்பப்படாமல் அப்படியே இருக்கும்.

ஆஸ்திரேலியச் சுடுமண் கலையின் பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவில் மேலோங்கியிருந்தது இதற்கு நேர்மாறான ஓர் அழகியல் ஆகும். ஆங்கிலேயரான பெர்னார்ட் லீச் சப்பானில் பயின்று திரும்பி, 1940இல் வெளியிட்ட கையேடு உலகெங்கும் உள்ள மட்கலைஞர்களின் பாடநூலானது. அடங்கிய நிறம், அளவான வடிவம், அன்றாடப் பயன்பாடு என்பனவே அவ்வழியின் இலக்கணம். லீச்சின் மாணவரான மைக்கேல் கார்டியூவிடம் பணியாற்றிய ஐவன் மெக்மீக்கின், 1950களில் நியூ சவுத் வேல்சின் மிட்டகாங் ஊரில் ஸ்டர்ட் மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார். அங்கு பயின்ற குவின் ஹான்சன் பிகட் (1935-2013) பின்னாளில் குப்பி, கிண்ணம், குவளை ஆகியவற்றை ஓவியத்தில் அடுக்குவது போல் வரிசையாக நிறுத்திப் புகழ் பெற்றார். பயன்படு பொருள் காட்சிப் பொருளாக மாறியதற்கு அவ்வரிசைகள் நல்ல எடுத்துக்காட்டு.

ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பங்கு தனித்துக் குறிப்பிடத்தக்கது. கேப் யார்க் தீபகற்பத்தின் வீப்பா பகுதியைச் சேர்ந்த தான்கூப்பி (1937-2011) 1970களில் சிட்னியில் முறையாக மட்கலை பயின்றவர். உருண்டைப் பாண்டங்களின் மீது தம் மக்களின் தொல்கதைகளைக் கீறி வரைந்தார். நடு ஆஸ்திரேலியாவின் எர்மான்ஸ்பர்க் குயவர்கள் 1990 முதல் மூடியுள்ள பானைகளைச் செய்து வருகின்றனர். மூடியின் மேல் பறவையோ விலங்கோ அமர்ந்திருக்கும். பானையின் உடலில் சுற்றிலும் நிலக்காட்சி தீட்டப்பட்டிருக்கும். இவற்றுள் சிலவற்றில் ஆஸ்திரேலியக் கால்பந்தாட்ட வீரர்களும் இடம் பெற்றிருக்கின்றனர்.

ஆக்க முறை

நித்தியேந்திரன் பெரும்பாலும் குறைந்த வெப்பத்தில் சுடப்படும் மண்ணையே பயன்படுத்துகிறார். இவ்வகை மண் ஏறத்தாழ 1000 முதல் 1150 பாகை செல்சியசில் இறுகும். கல்போல் இறுகும் பாண்டங்களுக்கோ 1200 பாகைக்கு மேல் வெப்பம் தேவைப்படும். குறைந்த வெப்பத்தில் மெருகின் நிறங்கள் பளிச்சென்று நிற்கும் என்பது இதன் நன்மையாகும்.

ஆளுயர மண்ணுருவம் செய்வதில் உள்ள இடர்கள் பல. உருவம் உள்ளீடற்றதாக இருத்தல் வேண்டும். சுவர் மிகத் தடித்தால் உள்ளே தங்கிய ஈரம் சூளையில் நீராவியாகி உருவத்தை வெடிக்கச் செய்யும். மெலிந்தால் தன் எடையைத் தானே தாங்காது. உலரும்போது மண் சுருங்குவதால் கையும் உடலும் சேருமிடத்தில் வெடிப்பு விழும். சூளையின் வாயளவை மீறிய உருவத்தைத் துண்டு துண்டாகச் சுட்டுப் பின்னர் அடுக்க வேண்டும். மெருகு என்பது உண்மையில் ஒரு வகைக் கண்ணாடியே. மணற்சத்தான சிலிக்காவுடன் அதனை உருக்கும் பொருள்களும் உலோக ஆக்சைடுகளும் கலந்து பூசப்படுகின்றன. செம்பு பச்சையையும் கோபால்ட்டு நீலத்தையும் இரும்பு பழுப்பையும் தரும். இவர் ஒரே உருவத்தைப் பலமுறை மெருகிட்டுச் சுடுவதும், சுட்டபின் மனித முடி, மணிகள், சிப்பி முதலியவற்றை ஒட்டுவதும் உண்டு. பிற்காலத்தில் வெண்கலத்திலும் உருவங்களை வார்த்துள்ளார்.

ஆண், பெண் குறிகள் இரண்டையும் ஒருங்கே கொண்ட உருவங்களும் தம் முகச் சாயலிலேயே அமைந்த உருவங்களும் இவரது ஆக்கங்களில் அடிக்கடி காணப்படுகின்றன. பால் அடையாளம், சமயம், நினைவுச்சின்னம் ஆகியவற்றைப் பற்றிய வினாக்களே இவற்றின் பொருள். மாதொருபாகன் வடிவத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் புதியதாகத் தோன்றாது எனலாம்.

காட்சிக்கூடங்கள்

ஆஸ்திரேலியாவில் சுடுமண் கலை இருவகைக் கூடங்கள் வழியாக மக்களை அடைகிறது. முதலாவது வகை, பொது நிதியில் இயங்கும் அருங்காட்சியகங்கள். விக்டோரியா மாநிலத்தில் மெல்பேர்னுக்கு வடக்கே உள்ள செப்பர்டன் கலை அருங்காட்சியகம் இவற்றுள் முதன்மையானது. 1936இல் தொடங்கப்பட்ட இது, பழத்தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு நகரில் இருந்துகொண்டே நாட்டின் குறிப்பிடத்தக்க சுடுமண் தொகுப்புகளுள் ஒன்றைச் சேர்த்தது. 2021இல் புதிய கட்டடத்துக்கு மாறியது. மேற்கூறிய விருதும் இங்குதான் வழங்கப்பட்டது. அப்போது நித்தியேந்திரனுக்கு 30 வயது ஆகவில்லை. அடுத்த ஆண்டே, 2016இல், கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் 'மண் மனிதர்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் இவரது தனிக்காட்சி நடைபெற்றது. சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் வைக்கப்பட்ட 'அவதார கோபுரங்கள்' எனப் பொருள்படும் ஆக்கத்தில் 70 உருவங்கள் இடம்பெற்றன.

இரண்டாவது வகை, கலைஞரின் சார்பாளராக நின்று ஆக்கங்களை விற்கும் தனியார் கூடங்கள். இவருக்குச் சிட்னியில் சல்லிவன் ஸ்ட்ரம்ப் கூடமும், மும்பையில் ஜவேரி கண்டம்பரரி கூடமும் சார்பாளர்களாக இருந்துள்ளன. சுடுமண்ணுக்கும் கண்ணாடிக்கும் என்றே 2005இல் திறக்கப்பட்ட சபியா கூடம் சிட்னியில் உள்ளது. ஆனால் நித்தியேந்திரன் அத்தகைய தனிக்கூடத்தில் அடங்காமல், ஓவியமும் சிற்பமும் விற்கும் பொதுக் கலைக்கூடங்களில் இடம் பெற்றார். மட்கலை கைவினையா, கலையா என்ற பழைய வழக்கில் இது சிறு செய்தியன்று.

ஆஸ்திரேலியாவுக்கு வெளியே, 2018இல் டாக்கா கலை மாநாட்டில் இவரது ஆக்கங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2023இல் கிளாஸ்கோ நகரின் டிராம்வே கூடத்தில் தனிக்காட்சி நடந்தது. பெயருக்கேற்ப, அக்கூடம் முன்பு டிராம் வண்டிகளின் பணிமனையாக இருந்தது.

தமிழ்ச் சுடுமண் மரபுடன் ஒப்பீடு

நித்தியேந்திரனின் உருவங்களுக்கு மிக நெருங்கிய உறவு தமிழ்நாட்டின் அய்யனார் கோயில் குதிரைகளும் காவலர் உருவங்களும் ஆகும். ஆயினும் அவை உருவாகும் விதமும் முடியும் விதமும் வேறு. பாண்டிய நாட்டுப் பகுதிகளில் ஊரார் ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுத்த பின்னரே வேலை தொடங்கும். இதற்குப் பிடிமண் கொடுத்தல் என்று பெயர். களிமண்ணுடன் மணலும் வைக்கோல் அல்லது உமியும் கலந்து, கால்களைக் குழல்களாக எழுப்பி, அவற்றின் மீது உடலை வளர்ப்பர். வைக்கோல், விறகு, வறட்டி ஆகியவற்றை மூடி, நிலையான சூளை இன்றியே சுடுவதும் உண்டு. புரவி எடுப்பு விழாவில் ஊர்வலமாகச் சென்ற குதிரை கோயிலின் வெளியில் நிறுத்தப்படும். அதன்பின் அதனை எவரும் பழுதுபார்ப்பதில்லை. மழையிலும் வெயிலிலும் அது சிதைந்து மண்ணோடு கலக்கும். அடுத்த விழாவுக்குப் புதிய குதிரை வரும்.

அருங்காட்சியக உருவமோ சிதையாமல் காக்கப்படுகிறது. அதன் அருகில் ஆக்கியவரின் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். குதிரையில் வேளாரின் பெயர் இராது. ஊராருக்கு அது தெரியும் என்பதால் எழுத வேண்டிய தேவையும் எழவில்லை. தொழில் குறைந்து, பல ஊர்களில் சுடுமண் குதிரைக்குப் பதிலாகச் சிமெண்டுக் குதிரை நிற்கும் இக்காலத்தில், அந்தப் பெயரின்மை ஓர் இழப்பாகிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய சென்னைப் புறநகர்களில் வாழும் மாணவர்கள் அய்யனார் குதிரைகளை நேரில் காண, முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா ஏற்ற இடமாகும். மட்பாண்டம் வனைவதையும் அங்கு பார்க்கலாம்.

மரபுவழிக் குயவர்களுக்கான அறிந்தேற்பு கலைக்கூடங்கள் வழியாக அன்றி, பெரும்பாலும் அரசு வழியாகவே வந்துள்ளது. புதுச்சேரி வில்லியனூர் சுடுமண் கலைஞர் முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மானாமதுரை மட்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புவிசார் குறியீடு என்பது பொருளை ஊரின் பெயரால் காப்பது. வனைந்தவரின் பெயர் அதில் இடம் பெறுவதில்லை.