உற்பத்தியாளரிடமிருந்து உரிமையாளரிடம்: அமெரிக்காவில் புகைபோக்கி மாற்றத் தடையின் வளர்ச்சி

மகிழுந்தின் வேகத்தைக் கூட்டுவதற்காகப் புகைபோக்கியை மாற்றியமைக்கும் தொழில், இரண்டாம் உலகப்போருக்குப் பின் தென் கலிபோர்னியாவில் தழைத்தது. அங்கேயே, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்தில் வாகனப் புகைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்தில் ஆய்வின்வழி நிறுவினார். பின்வந்த சட்டங்கள் இம்முரணில் வேர்கொண்டவை.

1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தம், விற்பனைக்குப் பின் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகளை அகற்றுவதைத் தடைசெய்தது. எனினும் அத்தடை உற்பத்தியாளரையும் விற்பனை முகவரையும் மட்டுமே கட்டுப்படுத்தியது. 1975ஆம் ஆண்டு மாதிரிகளில் வினையூக்கி மாற்றி பரவலாகப் பொருத்தப்பட்டது. எஞ்சினுக்கும் புகைக்குழாய் முனைக்கும் இடையில் அமைந்த அக்கருவி, ஆற்றலை நாடியோருக்குத் தடையாகத் தோன்றியது. 1977இல் பழுதுபார்ப்போரும், 1990இல் உரிமையாளர் உள்ளிட்ட எவரும் தடைக்குள் கொண்டுவரப்பட்டனர். கட்டுப்பாட்டைச் செயலிழக்கச் செய்வதை ஒரு முதன்மை விளைவாகக் கொண்ட உதிரிபாகங்களைத் தயாரிப்பதும் விற்பதும் தடைசெய்யப்பட்டன.

எல்லா மாற்றமும் விலக்கப்படவில்லை. கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1974இல் வெளியிட்ட குறிப்பாணை, மாசு மிகாது என நம்புவதற்குத் தக்க ஆதாரமுள்ள பாகங்களுக்கு இடமளித்தது. கலிபோர்னியாவோ சோதனைக்குப் பின் விலக்கு ஆணை வழங்கும் முறையைக் கைக்கொண்டது. இதனால் புகைபோக்கி சட்டநோக்கில் இரு கூறானது. மாற்றிக்குப் பிற்பட்ட குழாயை மாற்றுவது பெரிதும் ஒலி வரம்பைச் சார்ந்தது. மாற்றிக்கு முற்பட்ட பகுதிக்கு மாசுச் சான்று தேவைப்பட்டது.

சான்றளிக்கும் பொறுப்பு பாகம் தயாரிப்பவரைச் சேர்ந்ததால், சோதனைச் செலவு சிறு பட்டறைகளுக்குச் சுமையாயிற்று. வாங்கிய பொருளை விரும்பியவாறு மாற்றும் உரிமை, பிறர் சுவாசிக்கும் காற்றினால் வரையறுக்கப்பட்டதே இவ்வரலாற்றின் சாரம் எனலாம்.