யார் அந்தப் பிறர்?

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன், திருக்குறளுக்கு உரை எழுதிக்கொண்டிருந்த பரிமேலழகர் 110-ஆம் குறளுக்கு வந்தார். அவர் காஞ்சிபுரத்துக்காரர் என்பது மரபு. எந்த அறத்தைச் சிதைத்தவனுக்கும் மீட்சி உண்டு, நன்றி மறந்தவனுக்கு இல்லை என்பது அந்தக் குறள். சிதைந்த அறங்களுக்கு எடுத்துக்காட்டாக, பசுவின் மடியை அறுப்பது முதலான மூன்று கொடும்பாவங்களை அவர் எழுதினார். மூன்றும் ஒரு பழம்பாட்டில் உள்ளவை. காஞ்சித் தறியில் கரையையும் உடலையும் கோர்வை போட்டு இணைப்பதுபோல, பாட்டின் சொல்லைத் தன் வாக்கியத்தோடு அவர் பிணைத்துவிட்டார். எந்தப் பாட்டு என்று மட்டும் சொல்லவில்லை.

அது அன்றைய வழக்கம். மேற்கோள் காட்டிவிட்டு, ‘என்றார் பிறரும்’ என்று உரையாசிரியர்கள் நகர்ந்துவிடுவார்கள். படியெடுக்கும்போது ஏட்டுக்கு ஏடு அளவு மாறும். பக்க எண்ணுக்குப் பொருளே இல்லை. படிப்பவருக்கோ பாட்டெல்லாம் மனப்பாடம். முதல் சொல்லைக் கேட்டாலே மீதி நாவில் வந்து நிற்கும். ஆனால் நூற்றாண்டுகள் போகப்போக மூல நூல்களைப் படிப்பார் குறைந்தார்கள், மனப்பாடம் அற்றது.

1880 அக்டோபரில் கும்பகோணம் கல்லூரியின் 25 வயதுத் தமிழாசிரியர் ஒருவர், ஊருக்குப் புதிதாக வந்த முன்சீப் சேலம் ராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். படித்த நூல்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். உ.வே.சாமிநாதையருக்கு அன்றுவரை அந்த நூலே பழக்கமில்லை.

நச்சினார்க்கினியர் உரையோடு சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கியதும் சங்கடம் ஆரம்பித்தது. உரையில் மேற்கோள்கள் கொட்டிக் கிடந்தன. அவை வந்த நூல்களின் பெயர்தான் இல்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் தெளியவேண்டுமென்றால் மூலத்தைப் பார்த்தாக வேண்டும். மூலம் எங்கே? திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளுக்குள் தேடினார். அச்சேறாத பழைய தொகை நூல்கள் கிடைத்தன. புரட்டினால், நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் எடுத்தாண்ட அடிகள் அங்கே நின்றன! பிறர் யாரென்று துலங்கத் தொடங்கியது.

அதே சமயம், கடலுக்கு அப்பால் ஹார்வர்டில் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்ற விலங்கியல் ஆசிரியர் ஓடில்லா நத்தையின் முட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1881-இல் வெளியான அவருடைய நீண்ட கட்டுரையில், பிறர் கருத்தைச் சொன்ன இடத்தில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வாக்கியத்துக்குள்ளேயே அடைப்புக்குறிக்குள் இட்டார். படிப்பவர் திகைக்கக்கூடாதே என்று அதற்கு அடிக்குறிப்பில் விளக்கமும் எழுதினார். நத்தைக்காகப் பிறந்த அந்த ஏற்பாடு பின்னாளில் ஹார்வர்டு முறை என்ற பெயரோடு உலகைச் சுற்றியது.

கும்பகோணத்தில் வேலை இன்னும் கடினம். மார்க்குக்கு மூலங்கள் அச்சில் இருந்தன. சாமிநாதையர் முதலில் மூலத்தையே அச்சில் கொண்டுவர வேண்டியிருந்தது. 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. பதிப்புகளில் நூற்பெயர்களைச் சுருக்கி எண்ணோடு தந்தார். பாட்டு முதற்குறிப்பு அகராதி சேர்த்தார். ஒரு பாட்டை எந்த உரைகள் மேற்கோளாக்கின என்றும் குறித்தார். என்னைக் கேட்டால், நூல்களைக் கண்டெடுத்ததற்குச் சற்றும் குறையாத உழைப்பு இது.

இன்று காஞ்சிபுரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒப்படைப்பு எழுதும்போது, கடைசி இரவில் யாரோ ஒருவர் தலையில் விழுகிற வேலை அந்த ஹார்வர்டு முறை அடைப்புக்குறிகளை நிரப்புவது. 110-ஆம் குறளின் உரையைப் பிரித்தால் பரிமேலழகர் விட்ட இடத்திலும் பதிப்பாசிரியர் போட்ட அடைப்புக்குறி இருக்கும்: (புறநா. 34).

அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் ஆலத்தூர் கிழார் பாட்டு. அவரும் நன்றி மறந்தவனுக்கு மீட்சியில்லை என்றே பாடுகிறார். அதைச் சொன்னது அறம் என்கிறார். அந்த அறம் திருக்குறள்தான் என்று கொள்வோர் பலர். ஆலத்தூர் கிழாரும் நூற்பெயரைச் சொல்லவில்லை.