தண்டவாளம் மறைந்த தலைநகர்



கொழும்பு மாநகரிலே மின்சார டிராம் வண்டிகள் 1899ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கின. ஒரு பாதை கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும், மற்றையது பொறளைக்கும் சென்றது. தனியார் நிறுவனமொன்று நடாத்திய இச்சேவையை 1944இல் மாநகர சபை பொறுப்பேற்றது. தண்டவாளம் வேண்டாத டிரொலி பஸ்கள் 1953இல் வந்தன. 1960இல் டிராம் மறைந்தது. 1964இல் டிரொலி பஸ்ஸும் நின்றது. வீதி முழுவதும் எண்ணெயில் ஓடும் வாகனங்களுக்கே உரியதாயிற்று.

பஸ் வண்டி வேண்டிய வீதியில் திரும்பும், டிராம் திரும்பாது. இதனை அதன் குறை என்பர். ஆயினும் அக்குறையே அதன் குணமுமாகும். தண்டவாளம் என்பது நகரம் தன் மக்களுக்கு அளிக்கும் வாக்குறுதி. அதனை நம்பியே மக்கள் வீடு கட்டுவர். வணிகர் கடை திறப்பர்.

மாலபேயிலிருந்து கோட்டைக்கு மின்சார இலகு ரயில் அமைத்தற்பொருட்டு 2019இல் யப்பானுடன் கடனுடன்படிக்கை செய்யப்பட்டது. மறு ஆண்டே அத்திட்டம் கைவிடப்பட்டது. ஒரு தலைமுறை இட்ட பாதையை மறு தலைமுறை பெயர்த்தது. பின்னர் இடவிருந்த பாதையோ இடப்படாமலே போயிற்று.

பழுதான வண்டியை மாற்றலாம். கொள்கையே நிலையாது மாறுமாயின், வீதியோரத்திற் காத்து நிற்பவன் எதனை நம்புவான்?