கல்வராயன் மலைக் குடிகள்

‘குடி’ என்னும் சொல்லைத் தமிழர் இரு பொருளில் வழங்கி வந்துள்ளனர். ஆள்வோனுக்கு அடங்கியவன் குடி. பிறருடைய நிலத்தைப் பற்றி உழுது வாழ்பவனும் குடியே. சமவெளியில் இவ்விரு கட்டுகளும் பெரும்பாலும் வெவ்வேறு கைகளில் இருந்தன. நிலக்கிழார் கொடுமை செய்தால் அரசின் அதிகாரியிடம் முறையிட ஒரு வழியேனும் உண்டு. நிலத்துக்குரியவரே ஆள்வோராகவும் இருந்துவிட்டால் குடியானவன் எங்கே செல்வான்? மாணவ நேயர்களே, இக்கேள்வி கற்பனையன்று. கல்வராயன் மலையில் பல தலைமுறையினர் இந்நிலையிலேயே வாழ்ந்தனர்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாக, கோமுகி அணையைக் கடந்து ஏறும் சாலை வெள்ளிமலையை அடைகிறது. அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயரைக் கேட்டுக் கேரளத்தாரோ என மயங்க வேண்டா. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பதே அவர்கள் வழங்கும் கதை. இம்மலையின் தென்னார்க்காட்டுப் பகுதி சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. அவர்களே வரி தண்டினர். அவர்களே வழக்குத் தீர்த்தனர். குடிகளிடம் கூலியின்றி வேலையும் வாங்கினர். காட்டைத் திருத்திச் சாமையும் தினையும் விளைவித்தவன் கையில் அந்நிலம் தன்னுடையது என்று காட்ட ஓர் ஏடும் இல்லை.

அதே காலத்தில் சமவெளியில் நடந்ததை நோக்குவோம். ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948இல் வந்தது. 1952இல் இராஜாஜியின் அமைச்சரவை தஞ்சைக் குத்தகைதாரருக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்பளித்து, விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கேனும் குத்தகைதாரருக்கு உரியது என வரையறுத்தது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் மனம்போனபடி வெளியேற்றுவதைத் தடுத்தது. 1956இன் நியாயக் குத்தகைச் சட்டம், நன்செய் நிலத்தில் உடையவர் பெறும் பங்கு விளைவில் நூற்றுக்கு 40க்கு மேற்படலாகாது என்றது. 1980இல் இது 25ஆகக் குறைக்கப்பட்டது.

படிக்க இனிய வரலாறுதான். ஆயினும் இச்சட்டங்களில் பெரியதொரு ஓட்டை இருந்தது. குத்தகை பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே பேசப்பட்டது. வழக்கு மன்றத்தில் நிலமுடையவர் எழுந்து, “இவர் என் குத்தகைதாரரே அல்லர்” என்று கூறிவிட்டால், உழுதவன் எதைக் காட்டுவான்? குத்தகை உரிமைகளைப் பதிவேட்டில் எழுதும் சட்டம் 1969இல்தான் வந்தது. பாதுகாப்பை முதலில் தந்துவிட்டு, யாருக்குப் பாதுகாப்பு என்பதைப் பதினான்கு ஆண்டுகள் கழித்து எழுத முற்பட்டோம்! உழுபவன் குடியிருந்த மனையும் பிறருடையதாகவே இருந்தது. வேலையில் பிணங்கினால் குடிசையும் போகும். அம்மனையை அவனுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971இல் பிறந்தது. குத்தகைச் சட்டங்களைக் காட்டிலும் இதனையே நான் பெரிதாக மதிப்பேன். இரவில் படுக்க இடம் போய்விடும் என்று அஞ்சுபவன் பகலில் நியாயம் பேச மாட்டான்.

இனி மலைக்குத் திரும்புவோம். 1963இல் இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்ட பின்னும் அங்கே ஜாகீர் முறை மறைந்துவிடவில்லை. 1976இல்தான் இம்மலை முழுமையாக அரசின் நிருவாகத்துள் வந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்திருந்தன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. எனினும் ஆண்டவர் மாறியதாலேயே உழுபவன் கையில் பட்டா வந்து சேர்ந்துவிடுமா? முன்பு ஜாகீர்தாரின் நிலம் எனப்பட்டது, இப்போது பல இடங்களில் வனத்துறையின் காடு எனப்பட்டது.

இச்சிக்கலுக்கு 2006இன் வன உரிமைச் சட்டம் புதியதொரு வழி கண்டது. 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்னரே வனநிலத்தைப் பயிரிட்டு வாழ்ந்த பழங்குடியினர் கிராம சபையின் முன் உரிமை கோரலாம். ஊர் முதியோரின் வாய்மொழியை எழுதிக்கொண்டு அதனையும் சான்றாக ஏற்கலாம் என்று அதன் விதிகள் கூறுகின்றன. ஏடு தரப்படாத மக்களிடம் ஏட்டைக் கேட்பது முறையன்று என்பதைச் சட்டம் உணர்ந்துகொள்ள இத்தனை காலம் ஆயிற்று.

மலையூரிலிருந்தோ சமவெளியில் ஒதுக்கப்பட்ட தெருவிலிருந்தோ நகருக்குப் படிக்க வரும் இளைஞனுக்கு இன்று வேறொரு வாயில் எதிர்ப்படுகிறது. வாடகை எவ்வளவு என்று அவன் கேட்குமுன், “நீங்கள் எந்த ஆட்கள்?” என்று வீட்டுக்காரர் கேட்கிறார். 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறது. வேறு உடன்பாடு இல்லையேல் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்கிறது. ஆனால் அச்சட்டம் ஒப்பந்தம் உண்டான பிறகே பேசுகிறது. வாயிற்படியில் நின்று திரும்புபவனிடம் ஒப்பந்தம் ஏது? தீண்டாமையின் பேரால் ஒருவர் ஓரிடத்தில் குடியிருப்பதைத் தடுப்பது 1955ஆம் ஆண்டிலிருந்தே குற்றமாகும். இதை வீட்டுக்காரரும் அறிவார். அதனால் அவர் காரணத்தைச் சொல்வதில்லை. “நேற்றே வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டோம், தம்பி” என்கிறார். அந்த மறுப்புக்கும் ஏடு இல்லை.