கடைமடைக் காய்ச்சலும் குருதிப் பரிசோதனையும்

மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டு கட்டி முடிந்து, அதன் நீர் கல்லணைக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டைத் தாலுகாவின் மானாவாரி நிலங்களில் பாயத் தொடங்கிய பொழுது, நெல்லோடு கூடவே மலேரியாவும் அப்பிரதேசத்தில் குடியேறிற்று. பேராவூரணியைக் கடந்து, அறந்தாங்கிப் பக்கத்துக் கண்மாய்களை நிரப்பி, மும்பாலை ஏரியில் போய் முடியும் இக்கால்வாயைப் பாசன சரித்திரத்தின் ஓர் அத்தியாயமாக மட்டும் கொள்வது வழக்கம். காய்ச்சலின் காரணத்தை நிர்ணயிக்கும் முறை நம் நாட்டில் படிப்படியாக மாறி வந்த கதைக்கும் அதே கரைகள் சாட்சி. 1974ஆம் ஆண்டு ஜனவரி மாதம் புதுக்கோட்டை தனி மாவட்டமாகும் வரை அறந்தாங்கிச் சீமையும் தஞ்சாவூர் ஜில்லாவையே சேர்ந்திருந்தபடியால், பட்டுக்கோட்டையின் அநுபவத்தை அண்டை வீட்டுச் செய்தியாக ஒதுக்கிவிட இயலாது.

கால்வாய்க்கும் காய்ச்சலுக்கும் உள்ள சம்பந்தத்தை அளந்து காட்டும் முயற்சி மேட்டூர் அணைக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே வடக்கே தொடங்கியிருந்தது. 1840களில் யமுனைக் கால்வாய்க் கிராமங்களை ஆராய்ந்த டெம்ப்ஸ்டர் என்ற வைத்தியர், இடது விலாவின் கீழே விரல்களை அழுத்தி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து, அவ்வாறு வீங்கியவர்களின் விகிதத்தைக் கொண்டு ஊரின் நோய் நிலையை மதிப்பிட்டார். கருவி ஏதும் வேண்டாத இம்முறை ஊரின் பழைய துன்பத்தைச் சொல்லுமேயன்றி, இன்று காய்ச்சலோடு வந்து நிற்பவன் உடலில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. 1880இல் அல்ஜீரியாவில் லாவெரான் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டதும், 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அதனைக் கண்டதும் அந்தக் குறையைத் தீர்க்க வழி செய்தன.

பட்டுக்கோட்டையில் 1930களின் பிற்பகுதியில் ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸலும், அவருடன் பணியாற்றிய டி. ராமச்சந்திர ராவும் நிகழ்த்திய ஆராய்ச்சிகள் இன்றும் படிக்கத் தக்கவை. அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் கொசு புதிதாக நட்ட வயலில் முட்டையிடுகிறது. பயிர் ஏறத்தாழ ஓரடி உயரம் வளர்ந்துவிட்டால் அங்கே வருவதில்லை. நீர்ப்பரப்பின் மேல் பறந்து ஆடியபடியே முட்டையிடும் அக்கொசுவுக்கு, நெருங்கி நிமிர்ந்த தாள்கள் தடையாகி விடுகின்றன என்பதை அவர்கள் சோதனை மூலம் நிறுவினர். நடவுக்கும் கதிருக்கும் இடையே நோய் ஏறி இறங்குவதன் மர்மம் இதனால் ஓரளவு விளங்கியது. வயலின் பருவத்தை அறியாமல் குருதிச் சோதனையின் எண்களை மட்டும் படிப்பவருக்கு அவ்வெண்கள் புரியமாட்டா என்பது என் அபிப்பிராயம்.

1953இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் வந்தன. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஊழியர் வீடு வீடாக வந்து, காய்ச்சல் கண்டவரின் விரல் நுனியில் குத்தி, கண்ணாடிச் சில்லில் இரத்தத்தைத் தடவி எடுத்துக்கொண்டு, குளோரோகுயின் மாத்திரையைக் கையில் கொடுத்து, சுவரில் தேதியிட்டுச் செல்வார். திறமையான கண் ஒன்று உருப்பெருக்கியின் முன் அமர்ந்தால், தடித்த பூச்சில் மிகச் சில ஒட்டுண்ணிகளையும் கண்டுகொள்ளும். எந்த வகை, எத்தனை என்பதையும் சொல்லும். ஆனால் சில்லு ஆய்வகம் சேர்ந்து, சாயமேறி, முறை வந்து, முடிவு கிராமத்துக்குத் திரும்புவதற்குள் நோயாளி குணமடைந்திருப்பார், அல்லது வேற்றூர் சென்றிருப்பார்.

இந்தத் தாமதத்துக்கு விடையாகவே 1990களின் தொடக்கத்தில் துரிதப் பரிசோதனைப் பட்டைகள் பிறந்தன. ஒரு துளியினும் குறைந்த குருதி, சில சொட்டுக் கரைசல், பதினைந்து இருபது நிமிடக் காத்திருப்பு, பிறகு ஒரு கோடா இரண்டு கோடா என்று பார்க்கும் வேலை. மலேரியா ஒட்டுண்ணிகளுள் பால்சிபாரம் என்னும் வகை சுரக்கும் எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தைப் பற்றிப் பிடிப்பதே முதலில் வந்த பட்டைகளின் தத்துவம். அப்புரதம் சிகிச்சைக்குப் பிறகும் சில வாரங்கள் குருதியில் தங்குமாதலால், குணமானவரையும் பட்டை நோயாளி என்றே காட்டும். அதைவிடப் பெரிய சங்கடம் நம் பக்கத்தில் வேறு. தமிழகத்து மலேரியாவில் பெரும்பகுதி வைவாக்ஸ் வகை; பால்சிபாரத்தை மட்டும் தேடும் பட்டை அறந்தாங்கியில் குறைவாகவே பயன்படும். இரு வகைகளையும் பிரித்துக் காட்டும் அட்டைகள் 2013ஐ ஒட்டித்தான் தேசியத் திட்டத்தில் இடம் பெற்றன. அதுவும் உருப்பெருக்கி முடிவு 24 மணி நேரத்தில் கிடைக்காத இடங்களுக்கென்று.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் தொடங்கிய ஒப்பீட்டுச் சோதனைகள், ஒரு மைக்ரோலிட்டர் குருதிக்கு 200 ஒட்டுண்ணிகள் என்ற குறைந்த அளவிலும் பட்டை பிடிக்கிறதா என்று பார்த்தன. உயர்ந்த வெப்பத்தில் வைத்த பின் அது தேறுகிறதா என்றும் பார்த்தன. சித்திரை வெயிலில் கூரைக் கொட்டகையில் கிடக்கும் பெட்டியை அறிந்தவர் இரண்டாவது சோதனையின் அருமையை உணர்வார். இருந்தும் ஆய்வுக்கூடத்தில் தேறியது கடைமடையில் தேறும் என்று சொல்வதற்கில்லை. காய்ச்சல் கண்ட 1,000 பேரில் இருவருக்கே உண்மையில் மலேரியா என்று வைத்துக்கொள்வோம். 98 சதவீதம் சரியாக விலக்கும் பட்டை, நோயற்ற 998 பேரில் ஏறக்குறைய 20 பேரை நோயாளிகளாக்கிவிடும். அப்பொழுது கோடு விழுந்த 22 பேரில் மெய்யான நோயாளி இருவரே. நோய் மலிந்த ஒடிசா மலைக் கிராமத்தில் இதே பட்டை நல்ல கருவி; நோய் அருகிய மணமேல்குடிக் கடற்கரையிலோ அதன் சொல்லைச் சில்லு ஒன்றாலும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சிக்கல் 2010இல் பெருவிலிருந்து வெளிப்பட்டது: எச்.ஆர்.பி.2 புரதத்திற்குரிய மரபணுவையே இழந்த பால்சிபாரம் அங்கே திரிந்தது. அத்தகைய ஒட்டுண்ணி பின்னர் இந்தியாவிலும், சிறு விகிதத்தில், அறியப்பட்டது. எச்.ஆர்.பி.2வையே நம்பும் பட்டைக்கு அது கண்ணில் படாது.

வைவாக்ஸுக்குள்ள தந்திரமோ வேறு. கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து எழும் அதன் வடிவத்தைக் காட்டும் பரிசோதனை மண்ணீரல் தடவலிலும் இல்லை, சில்லிலும் இல்லை, அட்டையிலும் இல்லை. ஆகையால் ஒருமுறை வைவாக்ஸ் என்று தெரிந்தவருக்கு, மூன்று நாள் குளோரோகுயினோடு பிரைமாகுயின் மாத்திரையைப் பதினான்கு நாட்களும் தவறாமல் கொடுப்பது எவ்வளவு நடக்கிறது என்பதையும், பட்டையின் மதிப்பீட்டோடு சேர்த்தே இங்கே அளக்க வேண்டியிருக்கிறது.