துருவும் தார்ப்பூச்சும்

பெங்களூரின் கிழக்கெல்லையில் உள்ள வைட்ஃபீல்டைக் கணிப்பொறித் தொழிலின் ஊர் என்றே இன்று பலரும் அறிவர். பிழைப்பை நாடி வந்த நம் தமிழ் மக்களும் அங்கே திரளாக வாழ்கின்றனர். ஆனால் அவ்வூர் தோன்றிய காரணமே வேறு. 1882-ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையார், ஆங்கிலோ-இந்திய மக்கள் பயிர்த்தொழில் செய்து நிலைத்து வாழ்வதற்கென 3,900 ஏக்கர் நிலத்தை அவர்தம் சங்கத்திற்கு வழங்கினார். அச்சங்கத்தை நிறுவிய டி. எஸ். ஒயிட் என்பாரின் பெயரே ஊருக்கும் அமைந்தது. வட்டமாக வகுக்கப்பெற்ற பழைய தெருவும், ஓட்டு வீடுகளும், தோட்டக் கொட்டகைகளும் ஒரு சில இன்னும் எஞ்சி நிற்கின்றன.

அத்தகைய கொட்டகை ஒன்றில் நம் நண்பருடைய மோட்டார் வண்டி இருபது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் கிடந்தது. வெளிர் நீல நிறம், இரண்டு கதவுகள், 1967-ஆம் ஆண்டில் சென்னையில் பதிவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதுவும் நம்மைப் போலத் தமிழ்நாட்டில் பிறந்து கன்னட நாட்டில் குடியேறியதுதான். அதனை மீண்டும் ஓடச் செய்வது என்று முடிவானபோது எஞ்சினைப் பற்றியே நாம் மிகவும் கவலை கொண்டோம். எஞ்சினோ பத்து நாளில் இணங்கிவிட்டது. நம்மை எட்டு மாதங்கள் முதுகு தரையிற்பட மல்லாந்து படுக்க வைத்தவை, வண்டியின் அடிப்புறத்துத் துருவும் அதன்மேற் படிந்திருந்த கரிய தார்ப்பூச்சுமே.

வண்டியின் வரலாற்றைச் சிறிது கூறினால்தான் துருவின் வரலாறு விளங்கும். விடுதலைக்குப் பின், வெளிநாட்டிலிருந்து பகுதிகளைத் தருவித்து இங்கே பூட்டி விற்பது போதாது, உள்நாட்டிலேயே செய்தல் வேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்றது. 1953-இல் தீர்வை ஆணையம் இதனை வற்புறுத்தவே, அமெரிக்க நிறுவனங்களாகிய ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954-ஐ ஒட்டி இந்தியாவில் கடையைக் கட்டின. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும், பம்பாயில் பிரீமியரும், சென்னையில் ஸ்டாண்டர்டும் களத்தில் நின்றன. வண்டலூரை அடுத்திருந்த சென்னைத் தொழிற்சாலை, 1961 முதல் ஹெரால்டு வண்டியைச் செய்து வெளியிட்டது. பின்னாளில் இங்கிலாந்திலும் இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் அது உருவாக்கியது. 1970-களில் கெஸல் என்ற வண்டியும், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய வண்டியும் வந்தன. அதன்பின் சில ஆண்டுகளில் உற்பத்தியே நின்றுபோயிற்று.

ஹெரால்டின் அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. 1950-களின் பிற்பகுதியில் ஏனைய கார்களெல்லாம் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாய் அமைந்த கூடுகளாக மாறிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்திற்கு உடற்கூடு செய்து தந்த ஆலையை 1953-இல் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. வேறு வழியின்றி, தனிச் சேசிஸின்மேல் தகட்டுப் பகுதிகளைத் துண்டு துண்டாகப் போல்ட்டு முடுக்கிச் சேர்க்கும் பழைய முறையையே அவர்கள் கைக்கொண்டார்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலாட்டி அதற்கு அழகிய உருவம் அமைத்தார். 1959-இல் வெளிவந்த அவ்வண்டியைக் குறைந்த கருவிகளுடன் சென்னையில் செய்ய முடிந்ததற்கும் இவ்வமைப்பு துணைபுரிந்திருக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். ஆனால் போல்ட்டு முடுக்கிய பொருத்துவாய் ஒவ்வொன்றும் ஒரு சந்து. சந்து ஒவ்வொன்றும் நீர் தங்கும் இடம். சேசிஸின் நடு உத்தரங்களிலிருந்து இருபுறமும் கைபோல் நீளும் தாங்கிகளும், கதவுகளுக்குக் கீழே ஓடும் தகடுகளும் முதலில் துருவேறுவது உலகெங்கும் ஹெரால்டு உடையோர் அறிந்த செய்தி.

இதனைத் தடுப்பதற்கே தார்ப்பூச்சு. கடலோடிகள் மரக்கலத்தின் அடியில் கீல் பூசியது போல, மோட்டார் வண்டியின் அடியிலும் தார்ச்சத்து கலந்த குழம்பைப் பூசும் வழக்கம் பரவியது. கல் தெறிப்பைத் தாங்கவும் ஓசையை அடக்கவும் அது நன்கு பயன்பட்டது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1959-இல் தொடங்கிய ஸீபார்ட் என்ற நிறுவனம், துருத்தடுப்புப் பூச்சையே ஒரு தனி வாணிகமாக வளர்த்தது. நம் நாட்டிலும் மழைக்காலம் நெருங்கினால் வண்டியைத் தூக்கி நிறுத்தித் தார் அடித்துக்கொள்வது பொறுப்புள்ள குடும்பத் தலைவரின் கடமைகளுள் ஒன்றாக இருந்தது. நம் நண்பரின் தந்தையார் அக்கடமையிற் சற்றும் வழுவாதவர்.

அவ்வாறு ஆண்டுதோறும் அடித்த தாரே அவ்வண்டியைத் தின்றது என்றால் நேயர்கள் வியப்புறலாம். புதிய தார் நெகிழ்வுடையது. வெயிலும் எஞ்சின் சூடும் பட்டுப் பட்டு அது உலர்ந்து, கட்டெறும்பும் நுழையாத மெல்லிய வெடிப்புகள் காண்கிறது. அவ்வெடிப்பின் வழியே புகுந்த நீர் வெளியேற மாட்டாது. மேலும், நீர் சூழ்ந்த இரும்பில் காற்று நன்கு படும் இடம் தப்பிக்கொள்ள, காற்றுப் படாத இடமே அரிக்கப்படுகிறது. கேம்பிரிட்ஜ் அறிஞர் யூலிக் எவன்ஸ் 1920-களில் ஒரே ஒரு துளி உப்புநீரை இரும்புத் தகட்டின்மேல் இட்டு இதனை மெய்ப்பித்தார். துளியின் விளிம்பில் காற்று எளிதிற் கலக்கிறது, நடுவிலோ காற்றில்லை, இரும்பு கரைவது நடுவில்தான். தார்ப்பூச்சின் கீழுள்ள ஈரமும் அத்தகைய நடுப்பகுதியே. அரித்தெழுந்த துரு இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைப்பதால் பூச்சை மேலும் நெம்பித் தூக்கும். தூக்கிய இடத்தில் மேலும் நீர் சேரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பூச்சு கறுகறுவென்று நலமாகவே தோன்றும்.

நம் மேஸ்திரி வாணியம்பாடிப் பக்கத்தவர். முதல் நாள் அவர் கண்ணால் எதையும் பார்க்கவில்லை. சிறு சுத்தியலால் அடிப்புறம் முழுவதும் தட்டிக்கொண்டே சென்றார். கணீரென்ற இடத்தைத் தாண்டினார்; மந்தமாக ஒலித்த இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். முடிவில் எண்ணினால் முப்பத்தொரு வட்டங்கள். “பூச்சு இருக்குதுன்னு நம்பாதீங்க சார், இரும்பு இருக்குதான்னு பாருங்க” என்றார்.

தாரைக் களைவதில் நாம் செய்த முதற்பிழை அவசரம். சுழலும் கம்பி பிரஷை அதன்மேல் வைத்தோம். உராய்வின் சூட்டில் தார் இளகி எங்கும் இழுவிற்று. உலர்ந்த இடத்திலோ கரும்புழுதி கிளம்பிற்று. அப்புழுதி எளிதாகக் கருதத்தக்கதன்று. பழைய அடிப்பூச்சுகள் சிலவற்றில் கல்நாரும், பழைய வண்ணங்களில் ஈயமும் கலந்திருந்தன. இரண்டும் மூச்சில் ஏறலாகாதவை. ஆகவே பொறியை ஒதுக்கிவிட்டு முகமூடி அணிந்தோம். சூடான காற்றை ஊதும் கருவியால் பூச்சை இளக்கி, பட்டி பார்க்கும் தகட்டால் மெல்ல வழித்தெடுத்தோம். புகை வரும் அளவுக்குச் சூடேற்றலாகாது. பெட்ரோல் தொட்டியை அதற்கு முன்பே கழற்றி அப்பால் வைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை, ஆயினும் சொல்லிவைக்கிறோம். எஞ்சிய பசையைத் டர்ப்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தெடுத்தோம். ஒரு நாளைக்கு இரண்டு சாண் இடம் தேறினால் அது நல்ல நாள்.

மெதுவாகச் செய்ததால் ஒரு பயன் விளைந்தது. பூச்சு மூன்று படலங்களாகப் பிரிந்து வந்தது. மேற்படலத்திற் சிக்கியிருந்தது வைட்ஃபீல்டின் செம்மண். நடுப்படலத்தில் ஒன்றுமில்லை. அடிப்படலத்தில் வெளிறிய மணற் பொடிகள் ஒட்டியிருந்தன. வண்டி தன் முதல் ஒன்பது ஆண்டுகளைத் திருவல்லிக்கேணியிற் கழித்தது என்று நண்பர் கூறியது நினைவுக்கு வந்தது. கடற்காற்றின் உப்பை முதலில் வாங்கிக்கொண்டு, அதன்மேல் தாரை மூடிக்கொண்டு, அவ்வண்டி கன்னட நாடு சேர்ந்திருக்கிறது. பெங்களூரின் வறண்ட காற்று கூட அதற்கு உதவவில்லை. உப்புதான் உள்ளே பூட்டப்பட்டிருந்ததே.

உப்புக்காற்றின் வலிமையைத் தமிழ்நாடு நன்கு ஆராய்ந்திருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் நல்க, 1948-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 ஜனவரியில் திறக்கப்பெற்றது. நாட்டின் எப்பகுதியில் இரும்பு எவ்வளவு விரைவில் அரிக்கப்படுகிறது என்பதைக் காட்டும் வரைபடத்தை வகுத்தளித்தது அந்நிலையமே. மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளைக் காற்றில் நிறுத்தி அது ஆய்ந்து வந்துள்ளது. அதே கடற்காற்றுக்கு ஈடுகொடுத்து 1914 முதல் நின்ற பாம்பன் ரயில் பாலம், 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பழைய பாலத்தின் வாழ்நாள் முழுவதும் ஓயாமல் வண்ணம் பூசிய தொழிலாளரைப் பற்றி யாரேனும் தனியே எழுத வேண்டும்.

தார் நீங்கிய பின்னரே நமக்குப் பெரிய கவலை எழுந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 ஆண்டு கடந்த தனியார் வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்ய வழிவகுத்தது. அவற்றின் எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் வண்டி தன் மூல வடிவிலேயே இருத்தல் வேண்டும். சேசிஸிலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருத்தல் கூடாது. அரசின் ஆணைகளை மொழிபெயர்ப்பதே நமக்குத் தொழிலாதலால், ‘பெரிய மாற்றம்’ என்னும் இரண்டு சொற்கள் எத்தனை பொருளுக்கு இடம் தரும் என்பதை நாம் அறிவோம். இடப்புறத் தாங்கிகள் இரண்டும் விரலால் அழுத்தினாலே உதிர்ந்தன. நடு உத்தரமும் அவ்வாறே இற்றிருக்குமாயின், அதை மாற்றிய பின் எஞ்சுவது 1967-ஆம் ஆண்டு வண்டியா, அதன் நீல மேலாடை போர்த்த வேறொரு வண்டியா?

பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண் இரும்பில் எங்குமே காணப்படவில்லை. எண் தாங்கிய தகடும் என்றோ தொலைந்துவிட்டது. பரிசோதிக்கும் அதிகாரிக்கு இரும்பிலிருந்து பென்சிலால் தேய்த்தெடுத்த படி வேண்டும். பட்டறை ஒன்றில் கேட்டபோது, அடிப்புறம் முழுவதையும் மணல் வீசிச் சுரண்டி, புதிதாக எண் அடித்துக்கொள்ளலாம் என்று மிக எளிதாகச் சொன்னார்கள். அது சட்டத்திற்கும் ஒவ்வாது, மனத்திற்கும் ஒவ்வாது. நண்பர் இரண்டு வாரம் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

வலப்புற உத்தரத்தின் முற்பகுதியில், மூன்றாம் படலத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு காலை, துணி எதிலோ இடறிற்று. துருவை ஒரேயடியாகத் தேய்த்தால் ஆழம் குறைந்த எழுத்துகள் அழிந்துவிடும். மேஸ்திரி அவ்விடத்தில் உப்புத்தாளைத் தொடவே விடவில்லை. பாஸ்பாரிக் அமிலம் கலந்த களிம்பைத் தடவி, பழைய பல் துலக்கும் பிரஷால் நாலைந்து முறை கழுவினோம். முதலில் ஓர் ஏழு தெரிந்தது; பிறகு எஞ்சியவை தெரிந்தன. புத்தகத்தில் இருந்த எண்ணேதான். தாரைச் சபித்துக்கொண்டே வந்த நாம், அவ்வோரிடத்தில் மட்டும் அதற்கு நன்றி கூற வேண்டியதாயிற்று. வெடிப்பு விழாத இடத்தில் அது இரும்பை உண்மையாகவே காத்திருந்தது. நடு உத்தரங்கள் இரண்டும் சுத்தியலுக்குக் கணீரென்றே மறுமொழி கூறின. மாற்ற வேண்டியவை தாங்கிகளும் கீழ்த் தகடுகளும் மட்டுமே. அவை பழுது பார்த்தலே அன்றிப் பெரிய மாற்றம் ஆகா என்பது நம் வாதம்.

துருவை நீக்கிய வகைகளையும் கூறிவிடுகிறோம். தடித்த சேசிஸுக்கு மணல் வீச்சுத் தாங்கும். மெல்லிய தகடோ அதனால் நெளிந்துவிடும். ஆகவே தகடுகளுக்குக் கம்பி பிரஷும் உப்புத்தாளுமே. சிறு உறுப்புகளைப் பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடா கரைத்த நீரில் அமிழ்த்தி, பாட்டரி சார்ஜரின் எதிர்முனையை அவற்றிலும் நேர்முனையைப் பழைய இரும்புத் துண்டிலும் இணைத்தோம். மறுநாள் துரு சேறாகக் கழன்றது. இதற்குத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தலாகாது, அதிலுள்ள குரோமியம் நஞ்சாக நீரிற் கலக்கும். ஹைட்ரஜன் வாயு எழுவதால் திறந்த வெளியிலேயே செய்தல் வேண்டும்.

கை எட்டாத மூலைகளில் துருவை நீக்காமல் மாற்றுவதே வழி. அதற்கென விற்கும் திரவங்களிற் பலவற்றில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உண்டு. அது துருவுடன் கூடிக் கரிய, உறுதியான படலமாகிறது. நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டி எழுதும் மை காய்ச்சியதும் இவ்வேதியியலாலேயே. பாஸ்பாரிக் அமிலத்துக்கும் அத்தகைய முன்னோடி உண்டு. தில்லி இரும்புத்தூண் 1,600 ஆண்டுகள் அழியாது நிற்பதற்கு, அவ்விரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் மேற்பரப்பில் உண்டாக்கும் மெல்லிய காப்புப் படலமே காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார்.

புதிய தாங்கிகள் பற்றவைக்கப்பட்டன. தூய்மையான இரும்பு ஒரு மணி நேரத்திலேயே செம்மை காட்டத் தொடங்குவதால், அன்றன்றே பிரைமர் அடித்தோம். அடிப்புறத்தில் மீண்டும் தார் பூசவில்லை. உட்குழிகளில் மெழுகு தெளித்தோம். அப்போதுதான் கீழ்த் தகடுகளிலும் கதவுகளின் அடியிலும் தொழிற்சாலையே நீர் வடிவதற்காக விட்டிருந்த துளைகளைக் கண்டோம். ஆண்டுதோறும் அடித்த தாரால் அவை ஒவ்வொன்றாக அடைபட்டிருந்தன. எல்லாவற்றையும் திறந்த பின், மழைக்கு முன்பாகச் சோதித்துவிடுவோம் என்று இரண்டு குடம் நீரைக் கதவுகளின் மேல் ஊற்றினோம். வலப்புறம் நன்றாக வடிந்தது. இடப்புறத்தில் இரண்டு துளைகளிலிருந்து மட்டும் ஒரு சொட்டும் வரவில்லை. மேஸ்திரி ஒரு சைக்கிள் கம்பியை வளைத்துக்கொண்டு மறுபடியும் வண்டிக்கு அடியிற் புகுந்தார்.