லயத்துக் கொல்லையின் கதை



சாஆ, லாபிஸ் வட்டாரத்துத் தாமான் வீடுகளில் நம் மக்கள் பலர் பின்புறத்தில் நாலு சாக்கில் மண் நிரப்பிக் கத்தரியும் மிளகாயும் வளர்க்கிறார்கள். ஓரத்தில் ஒரு முருங்கை நிற்கும். இந்தப் பழக்கம் தோட்டத்து லயங்களிலிருந்து வந்தது. அதன் வரலாற்றை இன்று பார்ப்போம்.

மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஒரு விதி செய்தது. குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்பதே அது. ஏறக்குறைய 2,700 சதுர அடி. நிலம் இருந்தால் போதுமா, நேரம் வேண்டாமா? விடியுமுன் பிரட்டுக்குப் போய், பால் வெட்டி வந்து, அதன் பிறகுதான் மண்வெட்டியைத் தொட முடியும். சோற்றுக்கோ பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்த அரிசியையே பெரிதும் நம்பியிருந்தோம்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அரிசி வரத்து சுருங்கியது. ரப்பரை வாங்க ஆளில்லை. பல தோட்டங்களில் பால் மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டார்கள். ஒரு சாண் குச்சியை ஊன்றினால் முளைக்கும் பயிர் அது. ஆனால் கசப்பு மரவள்ளியில் நஞ்சு உண்டு. தோலுரித்து, ஊறவைத்து, நன்றாக வேகவைக்க வேண்டும். வெறும் கிழங்கு வயிற்றை நிரப்புமே தவிர, உடம்புக்குச் சத்துப் போதாது. அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டியவை கொல்லைக் கீரையும் கோழி முட்டையுமே. மண்ணெண்ணெய் கிடைக்காதபோது தேங்காயெண்ணெயில் திரி எரிந்தது. தண்ணீருக்குக் கிணறும் ஆறும் கூரை மழைநீரும். விறகுக்கு மட்டும் பஞ்சமில்லை, வெட்டிய ரப்பர் மரம் கிடந்தது. ஆண்கள் பல்லாயிரம் பேர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. லயங்களில் அடுப்பு அணையாமல் காத்தவர்கள் பெண்கள். இதைப் புத்தகங்கள் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

போர் முடிந்தும் நிம்மதி நீடிக்கவில்லை. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. 1950இல் பிரிக்ஸ் திட்டப்படி காட்டோரக் குடிகள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். பல தோட்டங்களில் லயங்களும் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று அரிசிக்கு அளவு வைத்தார்கள். வாசலில் சோதனை நடந்தது. சில காலம் மதியச் சோற்றைக்கூட வேலைக்காட்டுக்கு எடுத்துச் செல்ல முடியவில்லை. வேலிக்கு வெளியே அகப்பட்ட கொல்லை என்ன ஆகும், நீங்களே எண்ணிப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் உயிர் காத்த அதே கிழங்கு இப்போது சந்தேகப் பொருளாகிவிட்டது!

அவசரகாலம் 1960இல் முடிந்தது. எழுபதுகளில் துன் அப்துல் ரசாக் அரசின் பசுமைப் புத்தகத் திட்டம் வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னது. நம் பாட்டிமாருக்கு அது புதுப் பாடமா என்ன?

அவர்களுக்கு இருந்த குறை வேறு. நிலம் தோட்டத்துடையது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கையால் நட்டு முப்பது வருடம் காய்த்த பலா மரத்தைத் தூக்கிக்கொண்டா வர முடியும்? தாமானுக்கு வந்தவர்கள் முருங்கைக் கொம்பும் கறிவேப்பிலைக் கன்றும்தான் கொண்டுவந்தார்கள்.

பீலிக்குக் கீழே பீப்பாய் வைத்து மழைநீர் பிடிப்பவர்கள் வாயை மெல்லிய வலையால் இறுகக் கட்டுங்கள், ஏடிஸ் கொசு முட்டையிடும். அந்தத் தண்ணீர் செடிக்கும் கழுவலுக்கும் போதும், குடிக்க வேண்டாம். உங்கள் பழைய லயத்துக் கொல்லையில் என்னென்ன நின்றன என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பிள்ளைகள் ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். அந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள் இன்று சிலரே இருக்கிறார்கள்.